டிரம் எண்ணெய்

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கொட்டகை மூலையில் நிற்கும் டிரம்மிலிருந்து மூத்தவர் மொண்டு கொடுப்பார். லாரிக்கும் அதே, கதவுக் கீலுக்கும் அதே, அவருடைய அம்மாவின் தையல் மெஷினுக்கும் அதே. விட்டால் தலைக்கும் அதையே தேய்த்துவிடுவார் மனிதர்.

மூத்தவர் லாரி மெக்கானிக். அவர் கை வைத்தால் எந்த லாரியும் கிளம்பும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் உலகத்தில் இருக்கிற இன்ஜின் எல்லாம் லாரி போட்ட குட்டிகள் என்று ஒரு நினைப்பு. டிரம்மில் இருந்தது 20W-50. "ஐம்பது! இதைவிடப் பெரிய நம்பர் எந்தக் கடையிலயும் கிடைக்காது" என்று இரண்டு விரலுக்கு நடுவே தொட்டு இழுத்துக் காட்டுவார். "பாரு, எவ்வளவு கெட்டி. கெட்டியா இருந்தாத்தான் இன்ஜினுக்குத் தெம்பு."

வாத்துக்காரி அவருடைய தம்பி மனைவி. அந்தப் பட்டப்பெயரை வைத்ததும் அவரேதான். புருஷன் வாரக்கணக்கில் லாரியோடு வெளியூரில். இவள் பின்னறையில் மின்சாரப் பெட்டி ஒன்றை வைத்து, அதன் சூட்டில் வாத்து முட்டைகளைப் பொரித்து, குஞ்சுகளை விற்கப் பார்த்தாள். முதல் தடவை, கடுங்குளிரில், விடியற்காலையில் கரண்ட் போனது. கொட்டகையில் வைத்திருந்த அவளுடைய சின்ன ஜெனரேட்டர், கயிற்றை எவ்வளவு இழுத்தும் கிளம்பவில்லை. பெட்டி ஆறிப்போய் முட்டை அத்தனையும் வீணானது. மறுநாள் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாள். சில குஞ்சுகளுக்கு அலகுகூட முளைத்திருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஜெனரேட்டர் தேஞ்சுபோச்சும்மா" என்றார் மூத்தவர். "பழைய இரும்புக்குத்தான் ஆகும். சரி, ஆசைக்கு இன்னொரு தடவை முட்டை வச்சுப் பாரு. அதுவும் பொரிக்கலைன்னா அறையைக் காலி பண்ணிடு. எனக்கு டயர் அடுக்க இடமில்ல."

வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அதே ஜெனரேட்டர் மத்தியான வெயிலில் ஒரே இழுப்பில் கிளம்பியது. விடியற்காலையில்தான் கயிறு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"தேஞ்சுபோன இன்ஜினுக்கு மத்தியானம் மட்டும் எப்படி அத்தான் வயசு குறையும்?"

"வாயாடாதே. லாரிக்கு அடியில நான் எத்தனை வருஷமா படுத்துக் கிடக்கேன், நீ வாத்து மேய்க்கிறவ."

அவள் அவரிடம் மல்லுக்கட்டவில்லை. நேராகப் புல்வெட்டி, பம்பு விற்கிற கடைக்குப் போனாள். கடைக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "W-க்கு முன்னாடி இருக்கிற நம்பர் குளிருக்கு, பின்னாடி இருக்கிறது சூட்டுக்கு. முன்னாடி நம்பர் சின்னதா இருந்தா, குளிர்லயும் எண்ணெய் லேசா ஓடும். நீங்க இருபதை ஊத்தினா இந்தக் குளிர்ல பசை மாதிரி நிக்கும், சின்ன இன்ஜின் எப்படிச் சுத்தும்? உங்க ஜெனரேட்டருக்கு இப்போ 5W-30 ஊத்துங்க." ஒரு கேன் வாங்கிக்கொண்டு வந்து, பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினாள். மறுநாள் விடியலில் ஜெனரேட்டர் முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

மூத்தவர் எண்ணெய் அளவுக் குச்சியை உருவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னது இது, தண்ணியை ஊத்தி வச்சிருக்கே! இன்ஜின் எரிஞ்சுபோகும்."

"எரிஞ்சா என் இன்ஜின் எரியட்டும். நீங்க தலைகீழா நின்னாலும் டிரம் எண்ணெய் இனிமே இதுக்குள்ள போகாது."

ஜன்னலோரம் உட்கார்ந்து கிழிந்த திரையைக் கை ஊசியால் தைத்துக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டாம் தடவை வைத்த முட்டைகள் பொரிக்கும் நாளும் வந்தது. ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். ஒரு முட்டையில் விரிசல்கூட விட்டாயிற்று. சொல்லி வைத்தாற்போல, விடிகிற நேரத்தில் கரண்ட் போனது.

அவள் பதறவில்லை. கொட்டகைக்குப் போய்க் கயிற்றை இழுத்தாள். நகரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். அளவுக் குச்சியை உருவினாள். நுனியில் ஒரு கெட்டிச் சொட்டு, விழவே மாட்டேன் என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் நேத்துச் சாயங்காலம் மாத்தினேன்" என்றார் பின்னால் வந்து நின்ற மூத்தவர், பல்குச்சியும் கையுமாக. "பாவம், நீ ஆசையா வச்சிருக்கே, இன்ஜின் கெட்டுடக் கூடாதேன்னு. தள்ளு, நான் இழுக்கிறேன்."

உனக்காகத்தான் செய்தேன் என்கிற அந்தக் குரல்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கையை எடுங்க! இதைத் தொட்டீங்கன்னா மரியாதை கெட்டுடும்!"

மூத்தவர் ஒரு அடி பின்வாங்கினார். அவள் ஜெனரேட்டரைச் செங்கல்மேல் சாய்த்து, அடித் திருகைக் கழற்றினாள். எண்ணெய் மெதுவாக, சோம்பேறி மாதிரி இறங்கியது. கந்தலை வெந்நீரில் நனைத்து இன்ஜினின் வயிற்றில் சுற்றினாள். உள்ளே மாமியார், யாரும் சொல்லாமலே, வீட்டில் இருந்த போர்வையெல்லாம் கொண்டுவந்து பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். வாத்துக்காரி சமையலறையில் ஒளித்து வைத்திருந்த மிச்ச எண்ணெய்க் கேனை எடுத்து வந்து ஊற்றினாள். இழுத்தாள். இருமியது. திரும்ப இழுத்தாள். கிளம்பிவிட்டது. பின்னறையில் பெட்டி விளக்கு எரிந்தது, உள்ளே கீச்சுச் சத்தம் நிற்கவில்லை.

வாத்துக்காரி டிரம்மைக் காட்டினாள். "இது இனிமே உங்க பட்டறையில நிக்கட்டும். இந்தக் கொட்டகையில வேண்டாம்."

"யார் வீட்டுல நின்னுக்கிட்டு யாருக்கு உத்தரவு போடுறே?"

"என் வீட்டுல" என்றது ஒரு குரல். மாமியார் கொட்டகை வாசலில் நின்றாள். வீட்டு மூலையில் கிடந்த தையல் மெஷினை இடுப்பில் தூக்கி வந்திருந்தாள். அதைக் கீழே வைத்துச் சக்கரத்தைத் தள்ளினாள். அசையவில்லை. "பழசாயிடுச்சு, இனிமே ஓடாதுன்னு சொன்னியேடா. இதுக்கும் அந்த டிரம்லேர்ந்துதானே ஊத்தினே?"

மூத்தவர் பல்குச்சியை வாயில் செருகிக்கொண்டார்.

கிழவி மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உன் கேன்ல இருக்கிறது இதுக்கு ஆகுமா?"

"ஆகாது அத்தை. தையல் மெஷினுக்குத் தனி எண்ணெய் இருக்கு. இந்தப் பிசினைக் கழுவிட்டு அதை விடணும். இன்னைக்கே வாங்கிட்டு வரேன்."

"அப்போ முதல்ல டிரம்மை உருட்டு" என்று சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள் கிழவி. "நானும் பிடிக்கிறேன்."