பக்கம் 62-க்கும் 63-க்கும் நடுவில்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. கல்லூரி ஆண்டு மலருக்காக நான் எழுதிய புத்தக மதிப்புரை. தமிழ்த்துறைத் தலைவர் வாசித்தார், குறுக்கே இரண்டு கோடு போட்டார், "கதைன்னு எழுதிக்க சிவராஜ். கதைன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். அன்று மாலையே கதாசிரியன் ஆகிவிட்டேன்.

மூன்று தொடக்கங்கள் கைவசம் இருந்தன.

"ஷிப்ட் சங்கு ஊதியபோது திருப்பூர்..." (இந்தச் சங்கை ஊதாத எழுத்தாளரே இல்லை.)

"அன்று நொய்யல் கருஞ்சிவப்பாக ஓடியது, ஏனென்றால் சாயப்பட்டறைக்கு அன்று வந்த ஆர்டர்..." (விடுங்கள்.)

"நான் ஒரு திருடன்."

இது நிற்கட்டும்.

2

திருடியது கருத்துகளை. 2006-இல் எங்கள் சுவரிதழில் மாதாமாதம் 'நான் படித்தவை' என்று ஒரு பத்தி எழுதிவந்தேன். உண்மையில் படித்தது வேறொருவர்.

கிளை நூலகத்தில் நான் எடுத்த புத்தகங்களில் எனக்கு முன்பே யாரோ அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருக்குமே, சுண்டுவிரல் நகம் அளவில், சிவப்பாக, அதேதான். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தென்பட்டால் அதை நோக்கி அம்பை ஒட்டுவார்கள். தைக்கிறவர் 'ஆல்ட்டர்' பண்ணி, அதாவது சரிசெய்துவிட்டு, உரித்துப் போடுவார். புத்தகத்தில் உரிக்க ஆளில்லை. அம்புக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி வேறு.

ஒரு நாவலில் தையல்காரியின் விரலில் ஊசி ஏறுகிறது. அவள் ஜன்னல் வழியே நிலாவைப் பார்த்தபடி வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறாள். நிலாவுக்கு ஓர் அம்பு. "ஊசி ஏறுனா நிலா தெரியாது. வீலைக் கையால திருப்பி ஊசியை எடுக்கணும்."

ஒரு சிறுகதைத் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில்: "பன்னெண்டுல ஒம்பது பாஸ். ரெண்டு ஆல்ட்டர். ஒண்ணு ரிஜெக்ட், நம்மள அழவைக்கணும்னே எழுதுனது."

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் தன்வரலாறு, முந்நூற்றுப் பத்துப் பக்கம். அதில் 'என் மனைவி எல்லாவற்றிலும் துணை நின்றாள்' என்று ஒரே ஒரு வரி. அம்பு. "பேரு?"

இவற்றைக் கொஞ்சம் இலக்கணம் சேர்த்து என் பெயரில் எழுதினேன். "அனுபவம் பேசுகிறது" என்றார் துறைத் தலைவர். எனக்கு ஊசி அனுபவம் காய்ச்சலுக்குப் போட்டதோடு சரி.

3

ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஏற்றுமதியாளர் கந்தவேல். அவர் தன்வரலாறு எழுதியிருந்தார். தலைப்பைச் சொல்ல மாட்டேன், சொன்னால் விற்றுவிடும். நூலகத்துக்கே இருபது பிரதிகள் இனாமாகக் கொடுத்திருந்தார். மலரில் மதிப்புரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நானும் நம்பிக்கையோடு இருபதையும் புரட்டி, அம்பு ஒட்டியிருந்த ஒரே பிரதியை எடுத்து வந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் ஒரே ஓர் அம்பு. பக்கம் 62. இத்தாலிக்குப் போன முதல் ஆர்டர், 1984. "மூவாயிரம் பனியன்களையும் நான் ஒருவனே பிரித்துப் பார்த்து, மடித்து, பெட்டியில் அடுக்கினேன்." அம்பு 'ஒருவனே' மேல் நின்றது. பென்சில் வரி இல்லை.

பென்சில் வரி இல்லாவிட்டால் எனக்கு அபிப்பிராயமே கிடையாது. அம்பு ஒட்டுகிற ஆளைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் போய்க் காத்திருந்தேன்.

"ஏனுங் தம்பி, பொஸ்தகத்தத் தலகீழா புடிச்சுட்டு யாரப் பாத்துட்டு இருக்கறீங்க?" என்றார் நூலகர் அர்த்தநாரி.

4

அவள் வந்தபோது காற்றில் கூந்தல்

[இந்த வாக்கியம் மேற்கொண்டு போகவில்லை. வந்தவர் ஞாயிறு அரை ஷிப்டை முடித்துவிட்டு, கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கூந்தல் இருந்ததா என்பதற்கு ஆதாரம் இல்லை.]

பெயர் அனுசுயா. வயது இருபத்திரண்டு. கந்தவேல் கம்பெனியிலேயே செக்கிங்.

"அம்பு ஒட்டறது நீங்கதானுங்களாக்கா?"

"ஆமா. ஏன், அபராதமா?"

"இல்லீங்க்கா. நான் வந்து... 'நான் படித்தவை'..."

"அந்தக் களவாணி நீதானா!" பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "என் தங்கச்சி உங்க காலேஜ்லதான் படிக்கா. மாசாமாசம் சுவத்தப் பாத்து எழுதிக் கொண்டாந்துருவா. நான் எழுதுனத நானே படிச்சு, பரவால்லியே, நல்லா எழுதுறானேன்னு நெனச்சேன்டா."

நோட்டில் என் பத்தியின் தலைப்பு. முதல் சொல்லின் மேல் ஓர் அம்பு.

மன்னிப்புக் கேட்டேன். கந்தவேல் புத்தகத்துக்கு மதிப்புரை எழுத வேண்டியிருப்பதையும் சொன்னேன். "அது கெடக்கட்டும், அறுபத்திரண்டுக்கு என்ன எழுதப்போற?" என்றார்.

5

(இந்தப் பகுதியில் வேடிக்கைக்கு முயன்றேன். வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.)

"எங்கம்மா ராமாயி. உசிலம்பட்டிப் பக்கமிருந்து இங்க வந்து எறங்குன மறுவாரம் அந்த ஆர்டரு. மூவாயிரத்தையும் பிரிச்சுப் பாத்தது எங்கம்மாதான். நான் கைப்புள்ள. என்னைய ஒரு அட்டைப்பெட்டியில படுக்கப் போட்ருந்துச்சாம். பெட்டி மாறியிருந்தா இந்நேரம் நான் இத்தாலிக்காரி.

"அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மொதலாளி பொஸ்தகம் போட்ருக்காருன்னதும், 'என்னையச் சொல்லியிருப்பாரு, வாசிடி'ன்னுச்சு. எட்டு நாள் வாசிச்சேன். ஜப்பான் போனாரு, கார் வாங்குனாரு, எல்லாத்துக்கும் 'ம்' கொட்டுச்சு. அறுபத்திரண்டுல, 'பொறு, இனிமே சொல்லுவாரு'ன்னுச்சு. இருநூத்திப் பன்னெண்டும் முடிஞ்சு அட்டைய மூடிட்டேன். 'இன்னும் பக்கம் இருக்கா?'ன்னு கேட்டுச்சு."

அர்த்தநாரி முத்திரை குத்துவதை நிறுத்தியிருந்தார்.

6

மதிப்புரையில் இதை எழுதுவது என்று முடிவானது. "உங்க பேர மாத்திப் போட்டுக்கறனுங்க்கா. வேலைக்கு ஆபத்துங்க" என்றேன்.

"மாத்துனா ரிஜெக்ட்."

"வேலை போயிருச்சுன்னா?"

"கம்பெனி கேட்டுக்குக் கேட்டு 'செக்கிங் ஆட்கள் தேவை'ன்னு போர்டு தொங்குது. வேல கெடைக்கும். எங்கம்மா பேரு வேற எங்க கெடைக்கும்?"

எழுதினேன். அதற்குத்தான் துறைத் தலைவரின் இரண்டு கோடு. பிறகு கதையாக்கி, முடிவுகளை அனுசுயாவிடம் காட்டினேன்.

அ) விழா மேடையில் கந்தவேல் கண்கலங்கி ராமாயிக்கு மாலை போடுகிறார். ("ரிஜெக்ட். சினிமா.")

ஆ) அனுசுயாவுக்கு வேலை போகிறது. மழை பெய்கிறது. ("வேல போகலாம். மழை எதுக்கு?")

இ) கதாசிரியன் திருந்துகிறான். (மூன்று அம்புகள்.)

7

ஆகவே முடிவு இல்லாமலே இந்தக் கதையை ஆறாம் பகுதிவரை இருபது ஜெராக்ஸ் எடுத்தோம். (இந்தப் பகுதி, ஒட்டிய பிறகு எழுதிச் சேர்த்தது.) நூலகத்தின் இருபது பிரதிகளிலும் ஒட்டிவிடுவது என்று தீர்மானம்.

"பொஸ்தகத்துல எதும் ஒட்டப்படாதுங் தம்பி. அது ரூலு" என்றார் அர்த்தநாரி. தேதிச்சீட்டு ஒட்டுகிற பசை பாட்டிலை எடுத்து எங்கள் மேசைமேல் வைத்தார். "நான் டீ குடிச்சுட்டு வாரனுங்." திரும்பி வந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஏழாவது கொஞ்சம் கோணலுங்."

ஒட்டுவதற்கு முந்தின நாள் அனுசுயா இதை ராமாயிக்கு வாசித்துக் காட்டினார். தன் பெயர் வந்த இடத்தில் ராமாயி 'ம்' கொட்டவில்லையாம். கேள்விதான் கேட்டாராம்.

"நான் மட்டுமா? சென்னம்மா இருந்தாள்ல. அப்புறம் அந்தத் தாராபுரத்துக்காரி. எடதுகைக்காரி. அவ மடிச்ச பனியனெல்லாம் எதிர்ப்பக்கமா மடிஞ்சிருக்கும். மொதலாளி வைவாரு, நாங்க சிரிப்போம். அவ பேரு... அவ பேரு என்னடி?"

ஐந்தாம் பகுதியில் 'எங்கம்மாதான்' என்ற சொல்லுக்கு அனுசுயா ஓர் அம்பு ஒட்டியிருக்கிறார், பாருங்கள். உரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது நீங்கள் பக்கம் 62-க்கும் 63-க்கும் நடுவில் நிற்கிறீர்கள். அந்தப் பெயரை நானே இட்டுக்கட்டலாம், நல்ல பெயராக மூன்று தோன்றின. செய்ய மாட்டேன். 1984-இல் இத்தாலிப் பனியன் மடித்த, தாராபுரத்து, இடதுகைப் பழக்கமுள்ள பெண்ணை உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ தெரிந்திருக்கலாம். அது நீங்களாகவே இருக்கலாம். கீழே எழுதுங்கள். பென்சில் அர்த்தநாரியிடம் இருக்கிறது. நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

பேரு?

....................................