பூஜை போட்ட பிரிட்ஜ்

சுஹைனா ஆஸ்பத்திரி வாசலில் காரில் வந்து இறங்கினாள். மேகலாவுக்கு முதல் எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேர்த்து வழிந்து நடந்து வந்திருந்தாலாவது கொஞ்சம் மன்னித்திருப்பாள். கம்பெனி கார், கழுத்தில் கம்பெனி அட்டை, தோளில் லேப்டாப் பை. டிரைவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வேறு வந்தாள்.

"மேகி! எப்டிடி கீற?" என்று கட்டிக்கொண்டாள்.

"நல்லாக்கீறேன். நீதான் ஆளே மாறிட்ட" என்றாள் மேகலா. வாய் சிரித்தது. வயிறு சிரிக்கவில்லை.

எப்படிச் சிரிக்கும்? கிருஷ்ணகிரியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.ஃபார்ம் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் மேகலா ஓசூரில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். மூட்டுவாதத்துக்கான புது ஊசி மருந்தை நோயாளிகளுக்குப் போட்டுச் சோதிக்கும் பிரிவில் கோ-ஆர்டினேட்டர் வேலை. மருந்தைப் பாதுகாப்பது, நோயாளிகளை வரவழைப்பது எல்லாம் அவள் தலையில்தான். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கம்பெனி சார்பில் வந்து பார்ப்பவர்தான் சி.ஆர்.ஏ., அதாவது கிளினிக்கல் ரிசர்ச் அசோசியேட். மேகலாவுக்கு அந்த வேலையின் மேல் எத்தனையோ நாள் கண்.

அந்த வேலைக்குப் பெங்களூரில் நடந்த இன்டர்வியூவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். கடையில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சுஹைனாவுக்கு இந்தத் தொழிலில் ஆனா ஆவன்னா தெரியாது. அத்திப்பள்ளி தாண்டும்வரை அத்தனையும் சொல்லிக்கொடுத்தவள் மேகலா. உள்ளே போய் இங்கிலீஷில் திக்கித் திணறியவளும் மேகலாதான். சொல்லிக்கொடுத்த வாய் இங்கே கிடக்க, கேட்டுக்கொண்ட காது காரில் வந்து இறங்குகிறது. வயிறு எரியாமல் குளிருமா?

"மொத மொத தனியா வர்றேன்டி. பயமா கீது. இது சரியா முடிஞ்சாத்தான் வேலைய கன்பார்ம் பண்ணுவாங்க" என்றாள் சுஹைனா.

மேகலா டீ வாங்கிக் கொடுத்தாள். நேற்றுக் காலையிலிருந்து அவள் நெஞ்சில் வேறொரு கல்லும் கிடந்தது.

முந்தாநாள் ஆயுத பூஜை. ஓசூரில் அன்றைக்குப் பூஜை போடாத மிஷின் கிடையாது. மேகலாவின் அப்பா சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். கற்பூரம் காட்டியதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால், மறுநாள் காலைவரை யாரும் மிஷினைத் தொடக் கூடாது. ஆயுதத்துக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டுமாம். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். ஆஸ்பத்திரியிலும் பூஜை அமர்க்களப்பட்டது. துப்புரவு வேலை செய்யும் பவளம் அக்கா மருந்து பிரிட்ஜைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். உள்ளே இருந்து இரவும் பகலும் சூட்டைத் தானே பதிந்து வைக்கும் வெப்பமானியையும் விடவில்லை. அதுவும் ஆயுதம்தானே என்று ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்துவிட்டாள். கற்பூரம் காட்டி முடித்ததும் மேகலாவின் கை, அது பாட்டுக்குப் போய், பிரிட்ஜ் சுவிட்சை அணைத்தது.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோதுதான் அவளுக்கு உயிரே போயிற்று. எப்போதும் குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்துப் பெட்டிகள் அறைச்சூட்டில் இருந்தன. சுவிட்சைப் போட்டாள், வெப்பமானியை உள்ளே வைத்தாள், அழுதாள். மருந்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. நாளைக்கு மானிட்டர், அதுதான் அந்த சி.ஆர்.ஏ., வருவார், நேரிலேயே சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சாயங்காலம்தான் வரப்போவது யார் என்று மெயில் வந்தது. சுஹைனாவிடமா? அவள் முன்னால் தலை குனிந்து, "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேன்" என்றா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

சுஹைனா வெப்பமானியைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். கோடு மலை மாதிரி ஏறி நின்றது.

"என்னடி இது?"

"பூஜைக்கு வெளியில எடுத்து வெச்சாங்க. பாரு, குங்குமம் கூட ஒட்டிக்கீது."

"பிரிட்ஜ் ஆன்லதான இருந்துச்சு?"

"ஆன்லதான் இருந்துச்சு."

சுஹைனா அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ சொன்னா சரி" என்று எழுதிக்கொண்டாள்.

அடிப்பாவி, நம்பிவிட்டாளே! மேகலாவுக்கு உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம். வெப்பமானி வெளியே இருந்திருந்தால் உள்ளே மருந்து எப்படி இருந்தது என்பதற்கு அத்தாட்சியே இல்லை. அந்த மருந்தை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். பழுத்த மானிட்டர் யாரும் தோழி பேச்சை நம்பி விட்டிருக்க மாட்டார்கள். பெங்களூரில் இவளுடைய சீனியர் இதைப் படித்ததும் கிழிகிழியென்று கிழிப்பார். வேலை கன்பார்ம் ஆவதாவது! எதிரிக்கு இரண்டு கண்ணும் போகிறதென்றால் நமக்கு ஒன்று போனால்தான் என்ன என்று இருந்தது மேகலாவுக்கு. காரில் வந்தவள் பஸ்ஸில் போகட்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு மாதம்மாள் வந்தாள். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். இன்றைக்கு அவளுக்கு ஊசி நாள்.

"பாரு கண்ணு, வெரலு மடங்குது" என்று கையை நீட்டிக் காட்டினாள். "நேத்து நானே பால் கறந்தேன். மவன் வேணாம்னுதான் சொன்னான். அங்க எம் பொண்ணு மாதிரி ஒருத்தி கீறா, கெட்டதப் போட வுட மாட்டான்னு சொல்லிட்டு வந்தேன்."

நர்ஸ் பிரிட்ஜைத் திறந்து பெட்டியை எடுத்தாள். மாதம்மாள் சேலையை ஒதுக்கிக் கையைக் காட்டினாள். சுஹைனா லேப்டாப்பில் தலை கவிழ்ந்திருந்தாள். மேகலா ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அவள் நினைத்தபடியே முடியும்.

"சிஸ்டர், போடாதீங்க!"

கத்தல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. ஊசி நின்றது.

"நான்தான் பிரிட்ஜ ஆஃப் பண்ணேன். ராத்திரி பூரா ஆஃப்லதான் இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

சுஹைனா எழுந்து வந்து பெட்டியை வாங்கி மற்ற பெட்டிகளோடு தனியே வைத்தாள். மாதம்மாளிடம், "இந்த மருந்து வேணாம்மா, புதுசு வந்ததும் கூப்புடுறோம்" என்றாள். பிறகு சீனியருக்குப் போன் போட்டாள். இனி நம்மைப் போட்டுக் கொடுப்பாள் என்று மேகலா காத்திருந்தாள். அப்படிச் செய்தால் நல்லது என்றுகூட இருந்தது, வெறுக்கவாவது ஒரு காரணம் கிடைக்கும்.

"மேம், பிரிட்ஜ் ராத்திரி பூரா ஆஃப்ல இருந்திருக்கு. கோ-ஆர்டினேட்டர் மொதல்ல மறைச்சிட்டாங்க, அப்புறம் அவங்களேதான் ஊசியத் தடுத்துச் சொன்னாங்க. நான் செக் பண்ணாம ஓகே போட்டுட்டேன். அது என் தப்பு."

அந்தப் பக்கம் திட்டு நெடுநேரம் நடந்தது. சுஹைனா கண்ணைத் துடைத்துக்கொண்டே "யெஸ் மேம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாவி, கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா!

சாயங்காலம் கார் வரைக்கும் மேகலா கூடவே போனாள். சுஹைனா கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றாள்.

"வேற யாராச்சும் வந்திருந்தா காலையிலயே சொல்லிருப்ப, இல்ல?"

பொய் சொல்ல மேகலாவுக்கு இன்னொரு வாய் இல்லை.

"ஆமா" என்றாள்.

சுஹைனா தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். கார் பெங்களூர் ரோட்டில் திரும்பியது. அதன் முன்பக்கத்திலும் யாரோ ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் இன்னும் அழியாமல் இருந்தது.