வெயில் வெளியே இருந்தது

1

இந்தக் கதையை எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. குளிர்காலத்தில் ஐரோப்பாவில் எங்கே போனால் வெயில் காயலாம் என்று ஒரு பயண இதழுக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். வருடா வருடம் ஜனவரியில் எழுதுவதுதான். வடக்கே, மழை ஓயாத பெர்கனில் இருந்துகொண்டு அந்த மாதத்தில் வெயிலைப் பற்றி எழுதினால் அதுவே பாதிக் கற்பனை. ஜன்னலில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. இப்படித் தொடங்கினேன்:

"மாலகாவில் ஜனவரிப் பகல் பதினேழு டிகிரி. மதெய்ரா பத்தொன்பது, ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் வெயிலென்றால் அந்தப் பக்கம் மழை. சைப்ரஸில் பாஃபோஸ் பதினேழு, மால்டா பதினாறு. ஆகவே இவற்றுள் எது"

அப்போது போன் அடித்தது. எதிர்வீட்டுக் குன்வோர், மால்டாவிலிருந்து.

"ஏம்ப்பா, போன வருஷம் பதினாறு டிகிரின்னு எழுதினியே, அது எந்த வீட்ல இருக்கு? நான் இங்க கோட்டு போட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன்!"

கட்டுரையின் அந்த வாக்கியம் இன்னும் அந்த "எது"விலேயே நிற்கிறது. நிற்கட்டும்.

2

குன்வோர் ஓய்வுபெற்ற மருத்துவச்சி. கதை அவளைப் பற்றியதல்ல, அதே எதிர்வீட்டில் இருக்கும் அவளுடைய அண்ணன் மாக்னேயைப் பற்றியது. கதையை முதலில் எழுதியபோது அவரை இப்படி அறிமுகப்படுத்தியிருந்தேன்:

"மனைவி ஆஸ்லோக் இறந்த பிறகு மாக்னே துயரத்தில் உறைந்துபோனார்."

குன்வோர் அடுத்தமுறை கூப்பிட்டபோது போனிலேயே படித்துக் காட்டினேன்.

"உறைஞ்சு போறதுக்கு அவரென்ன மீனா? பிடிவாதம் பிடிச்ச ஆளுன்னு எழுது."

சரி. மாக்னே பிடிவாதக்காரர். ஆயுள் முழுவதும் கரைக்குக் கரை ஆள் ஏற்றிப்போகும் கப்பல்களில் இயந்திரம் பார்த்தவர். மனைவி போனபின் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்ப்பார். தரைக்கடியில் சூடு ஓடும் வீடு, வெளியே மழை. எழுந்து போக ஒரு காரணமும் இல்லை. கால்கள் வீங்கின. இப்படியே உட்கார்ந்திருந்தால் ஒருநாள் எழுந்திருக்கவே முடியாது என்று டாக்டர் சொன்னார். அதற்கும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தார்.

வெயில் பட்டால் மனுஷன் நடப்பார் என்று குன்வோர் நம்பினாள். என் பழைய கட்டுரைகளை மேசையில் பரப்பினாள். மதெய்ரா முழுக்க ஏற்ற இறக்கம். அண்ணனின் முழங்கால் தாங்காது. பாஃபோஸுக்கு விமானத்தில் நெடுநேரம் உட்கார வேண்டும். மாலகா சமதளம், நல்ல வெயில், எல்லாம் பொருந்தியது.

"மாலகா வேண்டாம்" என்றார் மாக்னே.

"ஏண்ணே?"

"அங்க நானும் அவளும் போயிருக்கோம்."

(வெப்பநிலை, மழைநாள், காற்று, ஈரப்பதம் என்று எல்லாவற்றையும் ஒப்பிடுகிறேன். இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

மிச்சம் மால்டா. அவர் சரியென்று சொல்லவில்லை, மறுக்க மறந்துவிட்டார். குன்வோருக்கு அது போதும்.

3

மார்சஸ்கலா என்ற கடலோர ஊரில் வாடகை வீடு. கல் சுவர், பளிங்குத் தரை, உயரமான கூரை. கோடைக்காகக் கட்டியது, ஜனவரியில் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் இருந்தது. சுவரெல்லாம் ஈரம். சூடேற்ற ஒரு சின்னஞ்சிறு மின்கருவி. அதைப் போட்டுவிட்டு மின்னடுப்பையும் போட்டால் கரண்ட் போய் மொத்த வீடும் இருண்டுவிடும்.

மாக்னே கம்பளிக் குல்லாயோடு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல்முறையாக வாய்விட்டுத் திட்டினார்.

"நம்மூர்ல நான் ஜட்டியோட உட்கார்ந்திருப்பேன். வெயிலுக்குன்னு கூட்டிட்டு வந்து என்னை ஐஸ்பெட்டியில வச்சிருக்கே!"

"திட்டுண்ணே, நல்லாத் திட்டு. ஒரு வருஷத்துல நீ பேசின நீளமான பேச்சு இதுதான்."

அவர்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அது; அன்று காலையில்தான் எனக்கு அந்த முதல் போன் செய்தாள். இங்கே கதை முடிந்திருக்கலாம்: இருவரும் சண்டை போட்டுக்கொண்டு அடுத்த விமானத்தில் ஊர் திரும்பி, மாக்னே அவருடைய நாற்காலிக்கே போய்ச்சேர்ந்து

இல்லை. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அதோடு, அப்படி நடக்கவும் இல்லை.

4

அன்று மதியம் வீட்டுக்காரி கார்மெனா உருளைக்கிழங்கு அடை கொண்டுவந்தாள். போர்வைக்குள் இருந்த இருவரையும் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ, உங்களுக்கென்ன பைத்தியமா? வெயில் வெளிய இருக்கு, நீங்க உள்ள உட்கார்ந்து தேடுறீங்களே! குளிர்காலத்துல யாராவது வீட்டுக்குள்ள இருப்பாங்களா? தூங்கத்தான் வீடு. எந்திரிங்கய்யா!"

மாக்னே எழுந்தார். மனம் மாறி அல்ல, விரல் விறைத்துப்போய். கடற்கரைச் சுவர்வரை நடந்தார். கல் வெதுவெதுப்பாக இருந்தது. குல்லாயைக் கழற்றினார். பிறகு கோட்டை. சூரியன் மறையும்வரை வீட்டுக்கு வர மறுத்துவிட்டார்.

வெயில் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வடக்கே குளிர் வெளியே இருக்கிறது, தெற்கே உள்ளே இருக்கிறது. (கட்டுரைக்கு நல்ல வரி. கதையில் வீணாகிறது. போகட்டும்.)

5

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். வெயில் பட்டதும் மனிதர் திருந்திவிட்டார் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நானும் நம்பமாட்டேன்.

சுவருக்குப் பின்னால் போச்சி விளையாடும் திடல். சின்னக் குண்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி பெரிய கட்டைகளை உருட்டவேண்டும். கிழவர்கள் நாளெல்லாம் உருட்டிக்கொண்டும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டும் இருந்தார்கள். இயந்திரக்காரர் கண்ணுக்குத் திடலின் சரிவு தெரிந்தது. அன்று ஆடியவர் விஸ்டின், உரக்கப் பேசும் பழைய மீனவர். மாக்னே அவரிடம் கையால் காட்டினார்: இன்னும் இடப்பக்கம்.

"பார்றா, வடக்கத்தியான் நமக்கு ஆட்டம் சொல்லித்தர்றான்! வாய்யா, நீயே வந்து உருட்டு."

உருட்டினார். கட்டை திடலின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள், அவருக்கும் சிரிப்பு வந்தது. அப்போது விஸ்டின் சாதாரணமாகக் கேட்டார்: "சம்சாரம் வரலையா?"

மாக்னே திரும்பி வீட்டுக்கு நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். குன்வோர் எனக்குப் போன் செய்து அழுதாள். "அவ்வளவுதான்ப்பா. இனி எந்திரிக்கமாட்டாரு."

நல்ல சூடான வீடாக இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் மறுநாள் காலையும் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. வேறு வழியில்லாமல் மாக்னே மறுபடி வெளியே போனார். விஸ்டின் மன்னிப்பு கேட்கவில்லை, நேற்றைய பேச்சையும் எடுக்கவில்லை. ஒரு கட்டையை அவர் கையில் திணித்தார்.

"உன் முறை. இன்னிக்காவது கோட்டுக்குள்ள போடு."

உருட்டிவிட்டு, முதுகைக் காட்டியபடியே மாக்னே சொன்னார்: "செத்துட்டா. போன நவம்பருக்கு முந்தின நவம்பர்ல."

விஸ்டின் கட்டை போய் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு, "நல்லா உருட்டுவாளா?" என்றார்.

"என்னைவிட நல்லா."

"அதுல ஒண்ணும் அதிசயமில்ல."

திடலே சிரித்தது. மாக்னே கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டையை எடுத்ததாகக் குன்வோர் சொன்னாள். கார்மெனாவும் அவளும் சுவரோரம் நின்று பார்த்திருக்கிறார்கள்.

6

நேற்று மறுபடி போன். இந்தமுறை மாக்னேயே. எதிர்வீட்டில் இருந்தும் அவர் எனக்குப் போன் செய்தது கிடையாது. பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, நீ இதெல்லாம் எழுதுறவன்தானே. இந்தக் கடல்ல எப்ப இறங்கலாம்?"

"இப்ப வேண்டாங்க. பிப்ரவரி, மார்ச்லதான் தண்ணி ரொம்பக் குளிர். ஏப்ரல்ல வெயில் ஏறிடும், ஆனா கடல் ஏறாது. அது மெதுவாத்தான் சூடாகும், மெதுவாத்தான் ஆறும். நல்லா நீந்தணும்னா அக்டோபர்."

"அக்டோபரா?"

"ஆமா. ரொம்ப நாள் இருக்கு."

"இருக்கட்டுமே" என்றார். "அக்டோபர். சரி." யாரோ அவர் முறை என்று அழைத்திருக்க வேண்டும், வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அவர்கள் திரும்பும் விமானம். அவர் ஏறலாம், பெர்கனில் மழையைப் பார்த்தபடி இலையுதிர் காலத்துக்கு டிக்கெட் போடலாம். அல்லது குன்வோரை மட்டும் வழியனுப்பிவிட்டு அந்தக் குளிர்ந்த வீட்டிலேயே தங்கலாம். அல்லது கால் மறுபடி வீங்கி

அதை நான் எழுதமாட்டேன். முடிவு உங்களுடையது. எந்த ஊரில் வேண்டுமானாலும் அவரை இருக்கவையுங்கள். எப்படியாவது அக்டோபருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.