டிரம்மின் உள்சுவர்

எங்கள் பெசியோ தீவில் சொந்தக்காரர் ஒருவர் ‘புபுட்டி’ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால், கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். சட்டையானாலும் சரி, படகானாலும் சரி. இல்லை என்றவன் ஊரில் தலைகாட்ட முடியாது. நல்ல பழக்கம் என்று பாதிரியார்கூடச் சொல்வார். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல்.

பக்கத்து வீட்டு ரோதேயின் மகன் டெங்குவில் செத்துப்போனான். மருந்தகத்து நர்ஸ் வந்து அவர்களுடைய மழைத்தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்தாள். உள்சுவரில் கரித்தூள் போல ஒட்டியிருந்ததைக் காட்டினாள்.

“கொசு முட்டை. இடும்போது வெள்ளையா, மெத்துன்னு இருக்கும். கொஞ்ச நேரத்துல ஓடு கறுத்து இறுகிடும். அப்புறம் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகவே போகாது. மாசக்கணக்கா வெயில்ல கிடந்தாலும் சாகாது. தண்ணி ஏறினா பொரிச்சிடும். நல்லா தேய்ச்சு எடுத்துடுங்க.”

ரோதே தேய்க்கவில்லை. மகனைத் தின்ற டிரம்மைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. காலால் கொல்லைக்கு உருட்டிவிட்டாள். அந்த வருடம் வறட்சி வேறு. கிணறு உப்பாகிவிட்டது, டிரம் காய்ந்தே கிடந்தது.

மழை வரப்போகிறது என்று ரேடியோ சொன்ன அன்று, அவள் புருஷனின் தங்கை தெயிட்டி வந்தாள். இடுப்பில் மகள் மீரி. நான் ரோதே வீட்டு வாசலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, புபுட்டி. கொல்லையில கிடக்கிற டிரம் எனக்கு வேணும்.”

ரோதேயின் முகம் செத்துவிட்டது. “அதுல கொசு முட்டை ஒட்டியிருக்கு தெயிட்டி. தேங்கா நார் போட்டுத் தேய்ச்சு, கழுவி ஊத்திட்டு அப்புறமா தண்ணி பிடி.”

“கருவாடு மாதிரி காஞ்சு கிடக்கு, முட்டையாம். குடுக்க மனசில்லேன்னா அதைச் சொல்லேன்.”

“குடுக்க மாட்டேன்னு யாரு சொன்னா? எடுத்துட்டுப் போ.”

நான்தான் உருட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அண்ணியின் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சிரித்தாள் தெயிட்டி. தேய்த்துவிடு என்று நானும் சொன்னேன்.

“குடிக்கவே தண்ணி இல்ல, இதுல டிரம்மைக் கழுவணுமா? நீயும் அவளுக்குத்தான் ஏத்துக்கிட்டுப் பேசு.”

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. வறட்சிக்குப் பிறகு வந்த முதல் மழையைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்? டிரம் நிறைந்தது. சில நாளில் அதில் புழு நெளிந்தது. தெயிட்டி குடிக்கிற தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டிக்கொண்டாள். ஊரைவிட்டுக் காய்ச்சல் போயிருக்கவில்லை. சுமந்து திரியக் கொசு குறைந்ததால்தான் அடங்கிக் கிடந்தது. இப்போது கொசு பெருகிவிட்டது. மீரி காய்ச்சலில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை.

குழந்தையைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். ரோதே வந்து தெயிட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுது ஓய்ந்த பிறகு தெயிட்டி கேட்டாள்.

“ஒரு பிள்ளையை வாரிக் குடுத்தவ நீ. உனக்குத் தெரியுமே அண்ணி. தர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ புபுட்டின்னு கேட்டுட்டியே,” என்றாள் ரோதே.

கூடியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். ரோதே கொடுத்தது தப்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தெயிட்டியும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.