யாரிடமும் சொல்லாத மாதங்கள்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்தபோது நவமணி லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை; கசப்பு நீர்தான் வந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் சாய்த்து, ஒன்றும் நடக்காதவள் போலப் பெரட்டுக் களத்துக்கு நடந்தாள்.

மலாயாவில் லூனாஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டம் அது. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். ரப்பரை வாங்க ஆளில்லாமல் போனது. பாதி மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டார்கள். வேலைக்கு வந்தவருக்கு மட்டும்தான் அரிசி. அதுவும் கல்லும் சுண்ணாம்புமாக ஒரு கை. உடுத்தத் துணியில்லாமல் பெண்கள் சாக்கைத் தைத்துச் சுற்றிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் லோரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். நவமணியின் கணவன் பழனியாண்டியும் அதில் ஏற்றப்பட்டான். அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது அப்போது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

தெரிந்தபோது சொல்வதற்கு ஆளில்லை. பாலிங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த அவளுடைய தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாமியார் அவள் கல்யாணத்துக்கு முன்பே இறந்தவள். லயத்தில் பெண்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் வயிற்றில் தங்கிய சேதியை ஆரம்பத்திலேயே வெளியில் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அங்கே எல்லோரும் நம்பிய விஷயம். நவமணியும் நம்பினாள்.

லூர்து மேரி என்ற மிஸி லூனாஸில் ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். சண்டைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். தன் சைக்கிளை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொள்ளும்வரை தோட்டம் தோட்டமாகப் போய், "வயித்துல தங்குனது தெரிஞ்சதும் வந்து என்கிட்ட காட்டுங்க. வலி எடுத்தப்புறம் தூக்கிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். பெண்கள் தலையாட்டுவார்கள். ஒருவரும் போகமாட்டார்கள். அவள் வேதக்காரி, போனால் சாமியை மாற்றிவிடுவாள் என்று சிலர் சொன்னார்கள். பாதையில் சிப்பாய்கள் நிற்பார்கள் என்று சிலர். பிள்ளை பெறுவது ஒரு நோயா, அதற்கு எதற்கு மிஸி என்று மற்றவர்கள்.

ஆனாலும் நவமணி போக நினைத்தாள். முதல் பிள்ளை. உடம்பில் நடப்பதில் எது சரி, எது சரியில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. யாராவது ஒருத்தர் பார்த்து, பயப்படாதே என்று சொன்னால் போதும் என்றிருந்தது.

அன்று பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் அவள் தோட்டத்துக் கணக்கர் மோரிஸ் கிராணியிடம் போய் நின்றாள்.

"கிராணி ஐயா, நாளைக்கு லீவு வேணும். லூனாஸுக்குப் போய்ட்டு வரணும்."

"லூனாஸ்ல என்னா வேல ஒனக்கு?"

"மிஸியம்மாவப் பாக்கணும்."

"ஒடம்புக்கு என்னா?"

நவமணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஆண்கள் நின்றிருந்தார்கள். மோரிஸ் கெட்டவர் அல்ல. ஆள் குறைந்தால் ஜப்பான்காரனுக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். அந்தப் பயத்தில் குரலை உயர்த்தினார்.

"காய்ச்சலா? காய்ச்சல்னா சொல்லு. காரணம் தெரியாம ஆள விட்டா என்னைப் போட்டு அடிப்பான்லா."

பெண்கள் வரிசையிலிருந்து ரமணியின் குரல் வந்தது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அய்யாவுவின் மனைவி. எதையும் சிரிப்பாகப் பேசுகிறவள். "காய்ச்சல் வந்தவ புளியங்கா தேடி அலைவாளா ஐயா? புருஷன் சயாமுக்குப் போய் எவ்வளவு நாளாச்சு. இவளுக்கு இப்ப மிஸியப் பாக்கணுமாம்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் பலர் சிரித்தார்கள்.

"ஒண்ணுமில்ல ஐயா. லீவு வேணாம்" என்று நவமணி திரும்பிவிட்டாள்.

ரமணி சொன்னது காலையில் வேடிக்கையாக இருந்தது. மாலைக்குள் அது சந்தேகமாகிவிட்டது. நவமணி கிணற்றுக்குப் போனால் பேச்சு நின்றது. யாரும் அவளைத் திட்டவில்லை, விரட்டவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு விலகி நின்றார்கள், அவ்வளவுதான். நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால் பிள்ளை பழனியாண்டியுடையது என்று யாருக்கும் விளங்கும். ஆனால் கணக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. தானாகப் போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வயிறு தெரியாமலிருக்க அவள் சாக்கை இறுக்கிக் கட்டினாள். எல்லோருக்கும் முன்னால் மரவள்ளிக் காட்டுக்குப் போய், எல்லோரும் திரும்பிய பிறகு வீட்டுக்கு வந்தாள். கிழங்கை அவித்து, விளக்கில்லாத வீட்டில் உட்கார்ந்து தின்பாள். பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் ரமணி வீட்டில் பிள்ளைகள் சண்டை போடுவது கேட்கும். ஒரு நாள் வயிற்றுக்குள் பிள்ளை முதன்முதலாக அசைந்தது. சட்டென்று "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் வீட்டில் யாருமில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. நின்றுகொண்டே வேலை செய்வதால் என்று நினைத்தாள். பிறகு கையும் முகமும் வீங்கின. கால்விரலில் மெட்டி சதைக்குள் புதைந்து வலித்தது. கழற்றிவிடலாம், ஆனால் மெட்டியில்லாத காலைப் பார்த்தால் ஊர் அதற்கும் ஒரு கதை கட்டும். வலியோடு நடந்தாள். தலைவலி வந்தால் இலையை அரைத்து நெற்றியில் பூசினாள். கண்ணுக்கு முன்னால் மின்மினி பறப்பது போலத் தெரிந்தபோது பசி மயக்கம் என்று விட்டுவிட்டாள்.

மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் வெயில் திடீரென்று வெள்ளையாகிப் போனது. கையிலிருந்த கிழங்கு விழுவதைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை.

அடுத்த வரிசையில் இருந்த ரமணிதான் முதலில் ஓடிவந்தாள். நவமணியின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பல்லுக்கிடையில் நாக்கு கடிபட்டு இரத்தம் வந்தது. இறுக்கிக் கட்டிய சாக்கை ரமணி அவிழ்த்தபோது நிறைவயிறு வெளியே தெரிந்தது. அய்யாவு மாட்டு வண்டியைப் பூட்டினார். மோரிஸ் கிராணி யாரிடமும் உத்தரவு கேட்காமல் வண்டிக்கு முன்னால் நடந்து, பாதையில் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்கி வழி விடும்படி கேட்டார். லூனாஸ் போய்ச் சேரும்வரை நவமணியின் தலை ரமணியின் மடியில் இருந்தது.

நவமணி கண் விழித்தபோது ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. வயிறு காலியாக இருந்தது. அழுகைச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தாள். வெளியே கோழி கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. ரமணி தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அக்கா, புள்ள எங்க?"

ரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லூர்து மேரிதான் கட்டிலில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். "ஆம்பளப் புள்ளம்மா. மூச்சில்லாமத்தான் பொறந்துச்சு. நீ பொழச்சதே பெருசு."

பிள்ளையைச் சுற்றத் துணி இல்லாமல், தன்னிடமிருந்த ஒரே புடவையில் பாதியை ரமணி கிழித்துக் கொடுத்ததாகப் பிறகு மிஸி சொன்னாள். அப்போது நவமணிக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு ஒரு நாள் லூர்து மேரி கேட்டாள். "முன்னாடியே ஏம்மா வரல?"

நவமணி சொன்னாள். பெரட்டையும், சிரிப்பையும், கிணற்றடியையும், கழற்றாத மெட்டியையும் சொன்னாள். அவ்வளவு நாள் ஒருவரிடமும் பேசாத பேச்சு. மிஸி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எங்கிட்ட மருந்து ஒண்ணும் கிடையாது. எல்லாம் தீந்துபோச்சு" என்றாள் கடைசியில். "ஆனா ஒன் கால் வீங்குனதப் பாத்திருப்பேன். மூத்திரத்தச் சுட வச்சுப் பாத்திருப்பேன், கெட்டது அதுலயே தெரிஞ்சிருக்கும். வேலைக்குப் போகாதன்னு இங்கயே படுக்க வச்சிருப்பேன். புள்ள பொழச்சிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பொழைக்க ஒரு வழி இருந்திருக்கும்."

நவமணி தோட்டத்துக்குத் திரும்பிய அன்று லயத்துப் பெண்கள் எல்லோரும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். இத்தனை மாதம் எட்டிப் பார்க்காத வீடு அன்று நிறைந்துவிட்டது. பழனியாண்டியிடமிருந்து ஒரு சேதியும் இல்லை என்று பேசினார்கள். ஒருத்தி, "என்னா செய்றது, ஒன் தலையெழுத்து அப்படி" என்றாள். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

நவமணி குனிந்திருந்த தலையை நிமிர்த்தினாள்.

"தலையெழுத்துன்னு சொல்லாதீங்க. மிஸி வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நடந்து போற தூரந்தான். வெக்கப்பட்டுக்கிட்டு நான் போகல. நீங்க சிரிச்சீங்க. கிராணி ஐயா கூட்டத்துல வச்சுக் காரணம் கேட்டாரு. கண் பட்டுடும்னு எல்லாருமா சேந்து வாயக் கட்டி வச்சிருக்கோம். எம் புள்ளைக்கு வழி இருந்துச்சு. நாமதான் அடச்சுட்டோம். நானும் சேந்துதான்."

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே யாராலும் எழுந்து போகமுடியவில்லை. ரமணி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கதவோரம் நின்றிருந்த பிரேமாவதி என்ற சின்னப் பெண் மெல்லப் பேசினாள். அந்த வருஷம்தான் கல்யாணமாகி யான் என்ற ஊரிலிருந்து வந்தவள். "அக்கா, எனக்கும் தள்ளிப் போயிருக்கு. வளகாப்பு வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு அத்த சொன்னாங்க."

அவளுடைய மாமியார் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கிழவி மருமகளை நோக்கிக் கையைக் காட்டி, "கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

ரமணி அப்போதே எழுந்து மோரிஸ் கிராணி வீட்டுக்குப் போனாள். அவள் வாயைத் திறக்குமுன் அவர் சொல்லிவிட்டார். "இனிமே புள்ளத்தாச்சிக்கு லீவு வேணும்னா நீ வந்து சொன்னா போதும். நான் யாரையும் காரணம் கேக்க மாட்டேன். மேல கேட்டா நான் பாத்துக்கறேன்."

மறுநாள் நவமணி, ரமணி, பிரேமாவதி மூவரும் சிப்பாய்களுக்குப் பயந்து முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு லூனாஸ் பாதையில் நடந்தார்கள். நவமணியால் வேகமாக நடக்கமுடியவில்லை. மற்ற இருவரும் அவளுக்காக நின்று நின்று போனார்கள். அவள் மார்பில் கட்டியிருந்த துணி பால் சுரந்து நனைந்திருந்தது.

மிஸி வீட்டு வாசலில் பிரேமாவதி தயங்கினாள். "வயிறே இன்னும் தெரியலயேம்மா. இப்பவே வந்துட்டேன், தப்பா?"

லூர்து மேரி அவள் தோளைப் பிடித்து உள்ளே அழைத்தாள். "வயிறு தெரியறதுக்கு முன்னாடி வர்றதுதாம்மா சரி. தங்கிருக்குன்னு சந்தேகம் வந்த ஒடனே வரணும். புள்ளையச் சுமக்கறது ஒருத்திதான். அவள நேரத்தோட இங்க கொண்டாந்து சேக்க வேண்டியது ஊரு. ஊரு சிரிச்சா அவ ஒளிஞ்சுக்குவா. ஒளிஞ்சுக்கிட்டா என்னாலகூட ஒண்ணும் செய்ய முடியாது."

ரமணி தலையைக் குனிந்துகொண்டே பிரேமாவதியின் பின்னால் உள்ளே போனாள். நவமணி வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீயும் உள்ள வா நவமணி" என்று மிஸி கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்மா. அவள நல்லாப் பாருங்க. நான் இங்கயே இருக்கேன்."