கையில் சிவப்புப் பட்டை

மாமியார் போட்ட கூச்சலில் வார்டே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முந்தாநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு வந்தவள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, அதுவரை வலியை அடக்க வேண்டாமா? பாரசிட்டமால் சொட்டுச் சொட்டாக இறங்கியது. வலி இம்மியும் இறங்கவில்லை. மார்ஃபின் போடலாமென்றால், மணிக்கட்டில் சிவப்புப் பட்டை. 'மார்ஃபின் அலர்ஜி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்தப் பட்டையைக் கட்டவைத்த புண்ணியவதி நாத்தனார். முன்பொரு முறை மாமியாருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்து, வலிக்கு மார்ஃபின் போட்டிருந்தபோது, எல்லாம் முடிந்த மறுநாள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாள். அம்மா வாந்தி எடுப்பதைப் பார்த்தாள், மூக்கைச் சொறிவதைப் பார்த்தாள், அவ்வளவுதான். "எங்கம்மாவைக் கொல்லப் பாக்குறீங்களா அண்ணி? மருந்து ஒத்துக்கலன்னு கூடவா தெரியல? இது அலர்ஜி!" என்று குதித்தாள். ஆஸ்பத்திரியும் வாயாடிக்குப் பயந்து அப்படியே எழுதிக்கொண்டது. இந்தத் தடவை சேர்த்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பட்டையைக் கட்டிவிட்டார்கள்.

அன்று ஆரம்பம் முதல் பக்கத்தில் இருந்தவள் மருமகள். நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். இருந்தும் இந்த இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை. திறந்து, அதை நம்பி ஊசி போட்டு, கிழவிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கொலைகாரி என்ற பட்டம் சுடுகாடு வரைக்கும் கூட வரும். அது மட்டுமா? இத்தனை வருஷம் என்னை வறுத்தெடுத்தாயே, கொஞ்சம் கத்து என்று மனசின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையை அவள் எட்டிப் பார்க்கவில்லை.

காலையில் செவிலியர் இரண்டு பேர் படுக்கை விரிப்பை மாற்ற மாமியாரைப் புரட்டினார்கள். வாய் கோணிப்போய், சத்தம்கூட வராமல் அவள் துடித்ததை மருமகள் நின்று பார்த்தாள். புருஷன் என்ற மகராசன் வராந்தாவில் போனுக்குள் தலையை விட்டிருந்தான்.

அப்போதுதான் நோயாளிகளின் மருந்துகளைச் சரிபார்க்கும் வார்டு பார்மசிஸ்ட் வந்தாள். கண்ணாடி போட்ட, சிரிக்காத பெண்.

"மார்ஃபின் போட்டப்ப என்ன ஆச்சு?"

"அலர்ஜி ஆச்சு," என்றாள் தலைமாட்டில் நின்ற நாத்தனார்.

"அலர்ஜின்னா? உடம்பு முழுக்கத் தடிச்சுதா? உதடு, முகம் வீங்குச்சா? மூச்சுத் திணறல், மயக்கம்?"

"வாந்தி எடுத்தாங்க! மூக்கு அரிச்சுது! இதுக்கு மேல என்ன வேணும்?"

"அது பக்க விளைவும்மா. நிறையப் பேருக்கு வரும். வாந்திக்கு முன்னாடியே மருந்து குடுத்துடலாம். வீக்கம், மூச்சுத் திணறல் வந்திருந்தாதான் ஆபத்து. ஊசி போட்டப்ப கூட யார் இருந்தது?"

நாத்தனார் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"நான் இருந்தேன்," என்றாள் மருமகள். "வீக்கம் இல்ல, தடிப்பு இல்ல."

"மூச்சு?"

"நல்லாவே இருந்துச்சு. ஊசி போட்டதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் இடைவிடாம என்னைத் திட்டிட்டே இருந்தாங்க. எங்கப்பா, எங்கம்மா, நான் வச்ச கஞ்சி, ஒண்ணு பாக்கி இல்ல. குரல் கொஞ்சங்கூடக் கம்மல. நடுவுல வாந்தி எடுத்தாங்க, வாயைக் கொப்புளிச்சிட்டு விட்ட எடத்துல இருந்து திட்டுனாங்க."

பக்கத்துக் கட்டில்காரி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு அண்ணி!" நாத்தனார் விரலை நீட்டினாள். "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்!"

"சரி. நானே பொறுப்பு," என்றாள் மருமகள்.

டாக்டர் வந்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார். பிறகு பட்டையைக் கத்தரிக்கச் சொன்னார். முதலில் வாந்தி மருந்து, அப்புறம் குறைந்த அளவு மார்ஃபின், மெதுவாக. பார்மசிஸ்ட் பக்கத்திலேயே நின்றாள். மருமகள் மாமியாரின் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடவுளே, வீங்கிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் மூக்கைச் சொறிந்தாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று துள்ளினாள் நாத்தனார்.

பார்மசிஸ்ட் கழுத்தையும் முகத்தையும் தடவிப் பார்த்தாள். "அரிப்புதான். வேற ஒண்ணுமில்ல."

கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. மாமியாரின் முகம் இளகியது. விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாக நீளமாக மூச்சு விட்டாள். அப்பாடா, பிழைத்தேன் என்றிருந்தது மருமகளுக்கு. அடுத்து வரப்போகும் வசவைக் கேட்கக்கூடத் தயாராக நின்றாள்.

மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தாள். வசவு வரவில்லை.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"ரெண்டு நாளா நான் கத்துனது உன் காதுல விழலயாடி?"

நாத்தனாரும் இவள் பக்கம் திரும்பினாள்.

"விழுந்துச்சு அத்தை," என்றாள் மருமகள்.