மிதிவெடிக் காணியில் ஏணை

றஞ்சிதத்துக்குக் கோபம் வந்தால் வங்காலை வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. கோபம் உச்சிக்கு ஏறிவிட்டால் அவளுக்குச் சத்தமே வராது. அன்று காலை ஆட்டைத் தேடி அலைந்துவிட்டு வந்த பக்கத்துக் கொட்டில் ஹமீதா அந்தச் செய்தியைச் சொன்னபோதும் அப்படித்தான். அகப்பையைக் கறிச்சட்டிக்குள் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"உன்ட காணிக்குள்ள ஒரு சோடி ஏணை கட்டிப் படுத்துக் கிடக்குது, தெரியுமா உனக்கு?" என்றாள் ஹமீதா. "வேம்புக்கும் பூவரசுக்கும் நடுவால, தோடம்பழக் கலர்ல ரெண்டு சீலை. ஒண்டுல ஆம்பிளை, ஒண்டுல பொம்பிளை. கொழும்புப் பிள்ளையள் போல. என்ட கிடாய் கம்பிக்குள்ளால பூந்திட்டுது. அல்லாவே, வெடிக்கப் போகுது எண்டு காதைப் பொத்திக்கொண்டு நிக்கிறன், அந்தப் பிள்ளை கிடாய்க்கு பிஸ்கட் குடுக்குது!"

அந்தக் காணியின் கதையைச் சொன்னால் யாருக்கும் பத்திக்கொண்டுதான் வரும். சிலாவத்துறைக்குத் தெற்கே, கடலைப் பார்த்த காணி. றஞ்சிதத்தின் சீதனம். சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து பஸ்ஸில் ஏற்றும்போது "சொந்த ஊருக்குப் போறீங்கள்" என்றுதான் சொன்னார்கள். கொண்டுவந்து இறக்கியதோ கடலுக்கு எட்டாத தூரத்தில், பற்றைக் காட்டை வெட்டி எடுத்த ஒரு வெளியில். மீன் பிடிக்கிற சனத்துக்குப் பற்றைக்காடு! தகரக் கொட்டில், பவுசர் லொறியில் வருகிற தண்ணீர், அதுவும் உவர். சொந்த ஊரில் படைமுகாம் இருந்தது; சொந்தக் காணியின் வாசலில் முள்ளுக்கம்பியும், மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையும் நின்றன. அரசாங்கக் கந்தோரில் போய்க் கேட்டால், "மிதிவெடி இன்னும் எடுத்து முடியேல்லை அம்மா, உங்கட நன்மைக்குத்தான்" என்பார்கள். இந்த மாரி போகட்டும் என்பார்கள். மூன்று மாரி போய்விட்டது.

சனம் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? மிதிவெடி ஒரு காலை என்ன செய்யும் என்று கண்ணால் கண்ட சனம் அது. அந்தப் பயத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவன்தான் அந்தப் பலகையை நட்டிருக்கிறான். போன வருசம் சோழகக் காற்றில் பலகை விழுந்தபோது, தெரியாமல் ஏதாவது பிள்ளை உள்ளே போய்விடும் என்று பதறி, அதைத் தூக்கி நிறுத்தியது முகாம்காரர் அல்ல. றஞ்சிதத்தின் புருசன் எட்வேட். தன் காணிக்குத் தானே ஆணி அடித்துவிட்டு வந்து, நல்ல காரியம் செய்தேன் என்று தேத்தண்ணி கேட்டுக் குடித்த மனிதன்.

அவன் கடலால் வந்து சைக்கிளைச் சாத்தும்வரை அவள் காத்திருந்தாள்.

"இஞ்சருங்கோ, கடலில நிண்டு பாத்தா எங்கட வேம்பு தெரியுந்தானே?"

"ஓம். அதையும் கோயில் முகப்பையும் வைச்சுத்தானே குறி பிடிக்கிறனான். ஏன்?"

"அதுக்குக் கீழ என்ன தெரிஞ்சது?"

எட்வேட் வலையைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், கொட்டிலின் கூரையைக்கூடப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"முந்தநாள் கண்டனான்," என்றான். பிறகு, ஒளித்து என்ன பயன் என்று நினைத்தானோ என்னவோ, மிச்சத்தையும் கொட்டினான். "அதுக்கு முந்தியும்… முகாம் பொடியள் அதில பந்தடிக்கிறவங்கள். கன நாளா."

"கன நாளா?"

"சொன்னா நீ போவாய் எண்டு தெரியும். கேள்வி கேக்கப் போன எமில் இண்டைக்கும் வரேல்லை, றஞ்சி. உன்னையும் குடுத்திட்டு நான் என்ன செய்ய?"

எமில் அவனுடைய தம்பி. அந்தப் பெயரைச் சொன்னால் அந்த வீட்டில் யாரும் மேலே கதைப்பதில்லை. அன்று றஞ்சிதம் கதைத்தாள்.

"அப்ப வெடி இல்லையெண்டு தெரிஞ்சும் மூண்டு மைல் தள்ளி உப்புத் தண்ணி குடிக்க விட்டிருக்கிறீங்கள். அவங்கள் எனக்குப் பூச்சுத்தினது பத்தாதெண்டு நீங்களும் சேந்து சுத்தினீங்கள், என்ன? எடுங்கோ சைக்கிளை!"

மூலையில் கிடந்த பழைய வலையைச் சுருட்டிக் கரியரில் வைத்து, அதன்மேல் ஏறி இருந்துகொண்டாள். கலியாணம் செய்த புதிதில், கூட்டம் நிறைந்த வீட்டில் தனியாகப் படுக்க இடமில்லாமல், வெக்கை நாட்களில் அந்த இரண்டு மரத்துக்கும் நடுவில் வலையைக் கட்டி அவர்கள் படுத்ததுண்டு. வழியில் அந்த நினைப்பு வந்தபோது, இன்னும் வேகமாக மிதிக்கச் சொல்லி அவன் முதுகில் தட்டினாள்.

பலகையடியில் எட்வேட் சைக்கிளை நிறுத்தினான். றஞ்சிதம் நிற்கவில்லை. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பிக்குள்ளால் பூந்து நடந்தாள்.

கொழும்புச் சோடி நல்ல பிள்ளைகள்தான். அதுதான் கொடுமை. ஏசுவதற்கென்று ஒரு வண்டில் பேச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு போனவளைக் கண்டதும், அந்தப் பெண் ஏணையிலிருந்து குதித்து இறங்கி, "வாங்க ஆன்ரி" என்று சிரித்தது. தன் காணிக்குள் தன்னை வாங்க என்கிறது!

"பிள்ளை, இது மிதிவெடிக் காணி எண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"அந்தப் போர்ட் சும்மா ஆன்ரி. காம்ப்ல கேட்டுட்டுத்தான் வந்தோம். அவங்க தினமும் இங்க கிரிக்கெட் விளையாடுறாங்களாம். மூணு நாளா இந்த ஹமக்லதான் தூங்குறோம், அவ்வளவு நல்லா இருக்கு. கிணத்துத் தண்ணியும் என்ன டேஸ்ட்!"

கிணறு. றஞ்சிதத்தின் அப்பன் வெட்டிய கிணறு.

"உன்னில எனக்குக் கோவமில்லை, மோளே. ஆனா கழட்டிக்கொண்டு போ. இது என்ட காணி. நான் படுக்க வேணும்."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. பலகையைப் பார்த்தது, வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்ற எட்வேட்டைப் பார்த்தது, புரிந்துகொண்டது. "சொரி ஆன்ரி, சத்தியமா எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும்போதே அழுதுவிட்டது. இருவரும் அவசரமாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

றஞ்சிதம் வலையின் ஒரு தலைப்பை வேம்பிலும் மற்றத் தலைப்பைப் பூவரசிலும் கட்டி ஏறினாள். முடிச்சு நழுவியது. பொத்தென்று நிலத்தில் விழுந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை. மணலும் காய்ந்த வேப்பிலையும்தான் கைக்குள் வந்தன. மூன்று வருசம் இந்த மணலுக்கா பயந்தோம் என்று நினைக்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?" என்று அங்கிருந்தே கத்தினாள். "ஆணி அடிக்கத் தெரிஞ்ச கைக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியாதோ?"

எட்வேட் கம்பியைத் தூக்கினான். உள்ளே ஒரு காலை வைத்து, அதிலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவள் நடந்த அடியிலேயே தன் அடியை வைத்து வைத்து வந்து சேர்ந்தான். இரண்டு தலைப்பையும் அவிழ்த்து, தோணியைக் கட்டுவதுபோல இறுக்கிக் கட்டினான். இருவரும் ஏறினார்கள். முழங்கால் முட்டியது. "கொஞ்சம் தள்ளுங்கோவன், மாடு மாதிரி" என்றாள். அவன் தள்ளிக்கொண்டான்.

மத்தியானம் திரும்பும் நேரம் முகாமிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்த அதிகாரி பலகையைத் தாண்டி, சப்பாத்துக் காலோடு விறுவிறென்று நேரே வலையடிக்கு வந்து நின்று, அரைகுறைத் தமிழில் சொன்னார்.

"அம்மா, இங்க இருக்க முடியாது. மிதிவெடி இருக்கு. மிச்சம் ஆபத்து."

றஞ்சிதம் எழும்பவில்லை. வலைக்குள் கிடந்தபடியே அவருடைய காலைப் பார்த்தாள்.

"ஐயோ தம்பி, அப்ப நீங்கள் எதால வந்தனீங்கள்? அசையாதேங்கோ. உங்களுக்கும் தாய் இருப்பாதானே, அப்பிடியே நில்லுங்கோ!"

பின்னால் வந்த இரண்டு பேரில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி தன் சப்பாத்தைப் பார்த்தார், அந்தச் சிரிப்பைக் கேட்டார், முகம் சிவந்தது. வலையின் கயிற்றைப் பிடித்து உலுக்கினார்.

"எழும்பு! எழும்பு சொல்றது!"

வலை ஆடியது. றஞ்சிதம் வாயைத் திறப்பதற்குள் எட்வேட் இறங்கிவிட்டான். கந்தோரில் கதிரையில் இரு என்றாலும் இருக்காத மனிதன், யாரைக் கண்டாலும் தொப்பியைக் கழற்றுகிற மனிதன், அந்த அதிகாரியின் கையைப் பிடித்துக் கயிற்றிலிருந்து எடுத்துவிட்டான்.

"தம்பி, ஒரு குடும்பம் படுத்திருக்கிற வளவுக்குள்ள இப்பிடிக் கேக்காமல் பறையாமல் வரக்கூடாது," என்றான். குரல் உயரவே இல்லை. "எங்கட படலை இருந்தது அந்தப் பலகை நிக்கிற இடத்திலதான். அதில போய் நிண்டு கூப்பிடுங்கோ. என்ன விசயம் எண்டு வந்து கேக்கிறன்."

சொல்லிவிட்டுத் திரும்பி வலைக்குள் ஏறினான். றஞ்சிதம் அவனுக்கு இடம் விட்டுத் தள்ளிப் படுத்தாள்.